இன்பராஜ் இப்போ என்னை வையுறதில்ல

இன்பராஜ் என்னை வையுறதை நிறுத்திட்டான். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. சலூன்ல சேகர் என் தலை பூரா டையைப் பூசி, கழுத்துல துணியை இறுக்கிக் கட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி அலமாரியில வச்சுட்டு, "காயுற வரைக்கும் அசையாம இருங்க சார், காதுல பட்டா கறை போகாது"ன்னு சொல்லிட்டு அடுத்த நாற்காலியில இருக்குற பெரியவருக்குச் சவர நுரை போடப் போயிட்டான். என் போனும் அதே அலமாரியிலதான் கிடக்கு. எதிர்ல இருக்குற கண்ணாடியில ஒரு ஆளு மங்கலாத் தெரியுறான், அது நான்தான்னு நானா நினைச்சுக்க வேண்டியதுதான். இன்னைக்கு வியாழக்கிழமை. எங்க தொழில்ல வியாழக்கிழமைதான் பரீட்சை முடிவு. எந்த சீரியலை எத்தனை வீட்டுல பாத்தாங்கன்னு சேனலுக்கு நம்பர் வரும். அதை வச்சுத்தான் யாரை வச்சுக்கலாம், யாரைக் கழட்டிவிடலாம்னு முடிவு பண்ணுவாங்க. இந்த நாளாப் பாத்து என்னை டை அடிக்க அனுப்பியிருக்கா கோமதி. என் சம்சாரம். காலையில காப்பியை முன்னால வச்சுட்டு, "நரையைக் கொஞ்சம் பாருங்க, சேனல்ல கூப்பிட்டா இப்படியேவா போவீங்க"ன்னா. சேனல்ல எதுக்கு என்னைக் கூப்பிடப் போறாங்க? 'தாழம்பூ வாசல்' சீரியலுக்கு ஆரம்பத்துல இருந்து நான்தான் வசனம். வேலையில சேக்கும்போது ஒரு தடவை கூப்பிட்டாங்க. இனிமே கூப்பிட்டா அனுப்புறதுக்காகத்தான் இருக்கும். அது இவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியைக் காப்பியோட முழுங்கிட்டு வந்து இங்க உக்காந்திருக்கேன்.

வையுறது என்னன்னு வெளியாளுக்குப் புரியாது. ஒரு டைரக்டர் ரைட்டரை வையுறான்னா, அவனுக்கு இவன் வேணும்னு அர்த்தம். எங்க டைரக்டர் இன்பராஜ் செட்டுல இருந்து போன் போடுவான், "யோவ் பேச்சிமுத்தண்ணே, என்னய்யா எழுதி அனுப்பியிருக்க, மனுசன் இப்படிப் பேசுவானா, இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்குதுய்யா"ன்னு கத்துவான். நானும் பதிலுக்குக் கத்துவேன். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிப்போம். இப்ப என்னடான்னா, "சார், பிரமாதம் சார், ஒரு வார்த்தைகூட மாத்தல சார்"ங்கிறான். சார். அண்ணன்கிறது போயி சார். புரொடக்‌ஷன் மேனேஜர் கணபதி, ஒரு நாளும் என் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்காதவன், நேத்து நான் செட்டுக்குப் போனப்ப நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, "ஊருக்குப் போயி ரொம்ப நாளாச்சே சார், ஒரு எட்டு போயிட்டு வரலாமே"ங்கிறான். ஏன்டா, நான் ஊருக்குப் போனா உனக்கென்ன? சேனல்ல கதைப்பிரிவுக்குத் தலைமையா ஒரு பொண்ணு வந்திருக்கு, ஷ்ரவந்தின்னு பேரு, என் மக வயசு இருக்கும். அது என் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருக்கு. தீபாவளியும் இல்ல பொங்கலும் இல்ல. பெட்டியைத் திறந்து பாத்துட்டு மூடி வச்சுட்டேன். கோமதி மட்டும் ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கிட்டு, "நல்லாத்தானே இருக்கு"ன்னா. நல்லாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா, நான் எத்தனை பேரை எழுதியே அனுப்பி வச்சிருக்கேன். ஒரு கேரக்டரைச் சாகடிக்கணும்னு சேனல் சொல்லிட்டா, நாங்க உடனே சாகடிக்க மாட்டோம். ரெண்டு எபிசோடு எல்லாரும் அந்த ஆளுகிட்டப் பாசமா நடந்துக்குவாங்க. விரோதியெல்லாம் வந்து கையைப் பிடிச்சுக்குவான். மருமக பிடிச்ச பலகாரம் செஞ்சு வைப்பா. பாக்குற சனத்துக்கு ஒரு பயம் வரணும், ஐயய்யோ இந்த மனுசனுக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு. அப்புறம் லாரி வரும். எனக்கு இப்ப பலகாரம் வந்தாச்சு, நாற்காலியைத் துடைச்சாச்சு.

அந்த ஜெர்வின் பயல் வேற. நாகர்கோவில்காரன். இன்டர்நெட்டுல சின்னச் சின்னதா நாடகம் எழுதிப் பேர் வாங்கினவனாம். நேத்து செட்டுல மானிட்டருக்குப் பக்கத்துல லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "சார், உங்க வசனம்னா எனக்கு உசுரு சார்"ன்னான். எந்த வசனம்னு கேட்டேன். சொல்லத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் கேட்டேன். அவன் ஏதோ ஒரு வரியைச் சொன்னான், எங்க சீரியல் மருமக செண்பகம் மாமியாகிட்டப் பேசுறது. அப்படி ஒண்ணு நான் எழுதின ஞாபகமே இல்ல. வேற சீரியல்ல கேட்டதை என் தலையில கட்டுறான்னு நினைச்சுத் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். இப்ப யோசிச்சா அது என்ன வரின்னு ஞாபகம் வர மாட்டேங்குது. தலை அரிக்குது. கையைத் துணிக்குள்ள வச்சுக் கட்டியிருக்கான் பாவி. அரிப்புல கவனம் வச்சா அரிப்பு கூடும்னு தெரிஞ்சும் மனசு அங்கதான் போகுது. போன் ஒரு தடவை உறுமிட்டு நின்னுச்சு. அலமாரிப் பலகையில அது உறுமினா சீப்பெல்லாம் சேந்து ஆடுது. யாருன்னு தெரியல. மூக்குக்கண்ணாடி இல்லாம எனக்கு அது ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். சேகர் எட்டிப் பாத்து, "இன்பராஜ்னு வருது சார், எடுத்துத் தரவா"ன்னான். "வேண்டாம்ப்பா, அப்புறம் பேசிக்கிறேன்"னேன். எடுக்காத வரைக்கும் நான் ரைட்டர்தானே.

நான் ரைட்டர் ஆனது சும்மா இல்ல. சங்கரன்கோயில்ல கூட்டுறவு வங்கியில குமாஸ்தா. கதை எழுதுவேன், பத்திரிகையில வரும், ஊர்ல நாலு பேரு பேசுவான். ஒரு நாள் மத்தியானம் ராஜினாமாவை எழுதி மேனேஜர் மேசையில வச்சுட்டு, வெயில்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். எங்க எழுத்தாளர் சங்கத்துக் கூட்டத்துல மேடையேறினா இதைத்தான் முதல்ல சொல்லுவேன். "வீட்டுக்குப் போயி என் மனைவிகிட்டச் சொன்னேன், அவ சிரிச்சுக்கிட்டே, எழுதுங்க, நான் இருக்கேன்னு சொன்னா"ன்னு முடிப்பேன், கை தட்டுவாங்க. அப்புறம் சென்னை. சாலிகிராமத்துல மாடிப் போர்ஷன். முதல்ல யாரோ பேருக்கு எழுதினேன், பிறகு என் பேருக்கு. எங்க வேலை எப்படின்னா, இந்த சீன்ல என்ன நடக்கணும்னு கதைப்பிரிவுல இருந்து ரெண்டு வரி வரும். மாமியா உப்பு விசயத்துல சண்டை போடணும், மருமக பதில் சொல்லணும், அவ்வளவுதான். அதுக்கு யாரு என்ன பேசுறாங்கன்னு நான் வாயால சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணுவேன், மொட்டைமாடியில நடந்துக்கிட்டே. என் கையெழுத்து எனக்கே புரியாது, டைப்பிங்கும் வராது. கீழ கோமதி அதைக் கேட்டு டைப் அடிச்சு செட்டுக்கு அனுப்பிவிடுவா. செட்டுல ஒரு உதவி டைரக்டர் கேமரா பக்கத்துல நின்னுக்கிட்டு அதைச் சத்தமா வாசிப்பான், நடிகர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவாங்க. யாருக்கும் எதுவும் மனப்பாடம் கிடையாது. என் வாயில இருந்து கோமதி காது, கோமதி கையில இருந்து அவன் வாய், அவன் வாயில இருந்து செண்பகம் வாய். கடைசியில அது எப்படி வருதுன்னு நான் பாக்குறதில்ல. ஆரம்பத்துல பாத்தேன், அந்த மாமியா நடிகை என் வாக்கியத்தைப் பாதியில வெட்டி முழுங்கிட்டுப் போறதைப் பாத்து ரத்தக்கொதிப்பு வந்துச்சு, டாக்டரே பாக்காதீங்கன்னுட்டார். கோமதி மட்டும் தினமும் உக்காந்து பாப்பா. சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு.

அவளும் இப்ப சரியில்ல. போன் வந்தா பால்கனிக்குப் போறா. நான் வந்தா, "சரி தம்பி, வச்சிருதேன்"னு வச்சிர்றா. எந்தத் தம்பின்னு கேட்டா, "செட்டுல இருந்துதான், ஒரு வார்த்தை புரியலயாம்"ங்கிறா. வார்த்தை புரியலன்னா எனக்கில்ல போன் வரணும்? எழுதினவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், டைப் அடிச்சவகிட்ட எதுக்கு? அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். என்னைத் தூக்கப் போறாங்கன்னு இன்பராஜ் முதல்ல அவகிட்டத்தான் சொல்லியிருப்பான், "அக்கா, சாருகிட்ட நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்"னு. அவ என் ரத்தக்கொதிப்பை நினைச்சு நாள் பாத்துக்கிட்டு இருப்பா. அதுக்குத்தான் டை. கழுத்தை வெட்டுறதுக்கு முன்னால ஆட்டுக்குத் தண்ணி ஊத்துற மாதிரி. இப்படிக் கட்டின பொண்டாட்டியையே நினைக்குறது தப்புன்னு ஒரு பக்கம் தோணுது. ஆனா நான் நாள் தவறாம கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு கேக்குறவளைத்தானே எழுதுறேன். வேலை முடிஞ்சதும் அந்தப் புத்தியைக் கழற்றி ஆணியில மாட்டிட்டா வர முடியும்?

சுவத்துல மேல டிவி ஓடிக்கிட்டு இருக்கு. எனக்குப் பின்னால இருக்கு, கண்ணாடியில இடம் வலமா மாறித் தெரியுது, நிறம் மட்டும்தான் அசையுது. இவ்வளவு நேரம் ஏதோ சமையல் நிகழ்ச்சி. இப்ப ஒரு பாட்டு வந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச பாட்டு. நேத்து ராத்திரி ஓடின எபிசோடை மறுநாள் மத்தியானம் திரும்பப் போடுவாங்க. தாழம்பூ வாசல். போச்சு. சேகர் சவரக்கத்தியை அப்படியே நிறுத்திட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். "நேத்து பாதியில கரண்ட் போச்சு சார், செண்பகம் என்ன சொன்னான்னு தெரியல"ன்னான். பெரியவர் நுரையோட, "நான் பாத்தேன். சொல்ல மாட்டேன், நீயே பாரு"ன்னார். ரெண்டு பேருக்கும் நான் யாருன்னு தெரியாது. சேகருக்கு நான் மாசத்துக்கு ஒரு டை. சேனலை மாத்தச் சொல்லலாமான்னு பாத்தேன், எந்த முகத்தோட சொல்றது.

மாமியா ஆரம்பிச்சா. சாம்பார்ல உப்பில்ல, எங்க காலத்துல அப்படி, எங்க வீட்டுல இப்படின்னு. அது நான் சொன்னதுதான், மாடியில நடந்துக்கிட்டே சொன்னது, தண்ணித்தொட்டிப் பக்கத்துல. அடுத்து செண்பகம் கண் கலங்கி, நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்தேன் அத்தை, வேலைக்காரியா வரலன்னு ஆரம்பிச்சு ஒரு நீளப் பேச்சு. நல்லா இருக்கும். காத்துக்கிட்டு இருக்கேன். செண்பகம் பேச மாட்டேங்குறா. பாத்திரம் நகர்ற சத்தம். அப்புறம் மெதுவா, சண்டையே இல்லாத குரல்ல, "உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு உங்க மகனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது அத்தை. அவரை எழுப்பிக் கேட்டுப் பாருங்க"ன்னா. அவ்வளவுதான். பெரியவர் "ஹ்ம்"னு ஒரு சத்தம் விட்டார். சேகர் சிரிச்சுட்டு, "எனக்கும் தெரியாது சார்"ன்னான். எனக்குக் காது சூடாயிருச்சு. இது என்னுது இல்ல. என் பேச்சு எங்க? அந்த வேலைக்காரியா வரலங்கிறது எங்க? யாரோ என் சீனுக்குள்ள கையை விட்டிருக்கான். ஜெர்வின்தான். நேத்து லேப்டாப்போட உக்காந்திருந்தவன் நேத்துத்தான் வந்தான்னு என்ன நிச்சயம்? மாசக்கணக்கா உள்ள இருக்கான் போல. நான் அனுப்புறதை வாங்கி ஓரமா வச்சுட்டு அவன் எழுதினதை வாசிக்கிறாங்க, என்னை அப்படியே சும்மா ஓட விட்டிருக்காங்க. அதான் சார். அதான் ஒரு வார்த்தைகூட மாத்தலங்கிறான். நேத்து அந்தப் பயல் உசுருன்னு சொன்ன வரிகூட இந்த மாதிரிதான் இருந்துச்சு, சின்னதா, குரலே உயராம. தான் எழுதினதையே என்கிட்டச் சொல்லிச் சோதிச்சுப் பாத்திருக்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டையோட எந்திரிச்சு செட்டுக்கே போயிரலாம்னு இருந்துச்சு.

போன் மறுபடி உறுமுச்சு. சேகர் பாக்கல, டிவியைப் பாக்குறான். நானும் டிவியைத்தான் கேக்குறேன். அடுத்த சீன் எனக்குத் தெரியும். செண்பகத்தோட புருசன் சொந்தமாத் தொழில் செய்யப் போறேன்னு வேலையை விட்டுட்டு வந்து சமையல்கட்டுல நின்னு சொல்லுவான். அவ, நீங்க குடிசையில இருக்கச் சொன்னாலும் உங்க கூட இருப்பேன்னு சொல்லணும். வேலையை விடுற சீன்னதும் நான் என் அனுபவத்தைப் போட்டுச் சொன்னேன், வெயில்ல நடந்தது, எல்லாம். இதுல கை வச்சிருந்தா அவனை விட மாட்டேன். புருசன் பேசுறான். வெயில் வந்துச்சு, மேனேஜர் மேசை வந்துச்சு, எல்லாம் என்னுது, ஒரு வார்த்தை குறையாம இருக்கு. பேசி முடிச்சான். காய் நறுக்குற சத்தம் நிக்கல. "தெரியும்"னா செண்பகம். "யாரு சொன்னா?"ன்னான். "கீரைக்காரம்மா. காலையில கூடையை இறக்கும்போதே கேட்டா, சாரு வேலையை விட்டுட்டாராமேம்மான்னு. ஆமான்னு சொன்னேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." காய் நறுக்குற சத்தம் நின்னுச்சு. "வேலையை விட்டது பெருசில்லங்க. தெரிஞ்ச மாதிரி கீரைக்காரிகிட்ட நடிச்சேன் பாருங்க, அது போதும் எனக்கு."

கீரைக்காரம்மா பேரு உச்சிமாகாளி. சங்கரன்கோயில்ல எங்க தெருவுக்குக் காலையில வருவா. இது ஜெர்வினுக்கு எப்படித் தெரியும்? இன்பராஜுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இப்பத்தான் தெரியுது. இல்ல, தெரியும். நான் ராஜினாமாவை வச்சது முதல் நாள் மத்தியானம். வீட்டுல சொன்னது மறுநாள் ராத்திரி. நடுவுல ஒரு பகல் பூரா பஸ் ஸ்டாண்டுல, நூலகத்துல, கோயில் பிரகாரத்துல சுத்திக்கிட்டு இருந்தேன், எப்படிச் சொல்றதுன்னு. வங்கியில இருந்து விசயம் தெருவுக்கு முன்னாலயே வந்துருச்சு. நான் சாப்பிட உக்காந்து சொன்னப்ப அவ ரசத்தை ஊத்திக்கிட்டே இதைத்தான் சொன்னா, இதே வரிசையில, கூடை, உச்சிமாகாளி, வெக்கம். நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். என் மனசு பூரா மெட்ராசுல இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே எழுதுங்கன்னு அவ எப்பச் சொன்னா? எந்த நாள்ல? தேடித் தேடிப் பாக்குறேன், அப்படி ஒரு நாளே கிடைக்க மாட்டேங்குது. அந்தச் சிரிப்பு நான் எழுதினது. மேடையில சொல்லிச் சொல்லி அவ முகத்துல ஒட்டிவிட்டது. அப்ப இது? என் வாயில இருந்து கோமதி காது, கோமதி கையில இருந்து செட்டு. எல்லாரையும் சந்தேகப்பட்டேன், கணபதி நாற்காலி துடைக்கிறதைச் சந்தேகப்பட்டேன், ஒரு பெட்டி லட்டைச் சந்தேகப்பட்டேன். கோமதியையும்தான் சந்தேகப்பட்டேன், ஆனா விசயத்தை ஒளிக்கிறாள்னு. அவளே எழுதுறாள்னு ஒரு நிமிசம்கூடத் தோணல. அவ எழுதுவான்னு சந்தேகப்படுற அளவுக்குக்கூட நான் அவளை மதிச்சதில்ல போல.

சிக்குன்குனியா வந்து நான் படுத்துக் கிடந்த சமயத்துல அவ ஆரம்பிச்சிருக்கணும். மூட்டெல்லாம் வீங்கி, பாதி சொல்லி மீதியைச் சொல்ல முடியாம, "மிச்சத்தை நீ பாத்து முடிச்சு அனுப்பிரு"ன்னு சொன்னேன். சொன்னேன்தான். குணமாகி எந்திரிச்ச பிறகு அதை நான் கேக்கவே இல்ல. அதுக்குப் பிறகுதான் நம்பர் ஏற ஆரம்பிச்சுது. காய்ச்சல்ல படுத்தது மூளைக்கு நல்ல ஓய்வுன்னு சங்கத்துல சொல்லிச் சிரிச்சேன், எல்லாரும் சிரிச்சாங்க. போன் இன்னொரு தடவை உறுமுச்சு. இந்த மட்டம் சேகர் கேக்காமலேயே எடுத்து, "அவரேதான் சார், விட மாட்டேங்கிறாரு, போன்ல டை பட்டுரும், ஸ்பீக்கர்ல போடுறேன்"னு போட்டுட்டான்.

"சார், எங்க சார் போனீங்க? எத்தனை தடவை அடிக்கிறது." இன்பராஜ் மூச்சு வாங்கப் பேசுறான். "நம்பர் வந்துருச்சு சார். அந்த நேரத்துல ஓடுற சீரியல்ல நாமதான் முதல். சேனல்ல இன்னும் ஒரு வருசத்துக்கு ஓட்டச் சொல்லிட்டாங்க. ஷ்ரவந்தி மேடம் அந்தக் கீரைக்காரி சீனைப் பாத்து அழுதுட்டாங்களாம், உங்களை நேர்ல கூப்பிட்டுப் பேசணுமாம். அந்த ஜெர்வினையே உங்ககிட்டத் தொழில் கத்துக்கத்தான் அனுப்பியிருக்காங்க. சார், கேக்குதா? செண்பகம் அப்படிச் சொல்லிட்டா, சரி, புருசன் அவ கையைப் பிடிச்சுக் கேக்குறான், நான் இப்ப என்ன செய்யணும்னு. அதுக்கு அவ என்ன சொல்லுவா? அது மட்டும் ரெண்டு மணிக்குள்ள வேணும் சார், ஆளு மேக்கப் போட்டு உக்காந்திருக்கு."

"அனுப்புறேன்"னேன். வேற என்ன சொல்றது. என்னைத் தூக்கல. ஒரு வருசம் இருக்கு. வேண்டினதெல்லாம் கிடைச்சு, ஒண்ணும் கிடைக்காதவன் மாதிரி உக்காந்திருக்கேன். சேகர் போனை வச்சுட்டு என்னையே பாக்குறான். பெரியவர் நாற்காலியோட திரும்பிட்டார், ஒரு கன்னத்துல இன்னும் நுரை. "நீங்களா எழுதுறது?"ன்னார். "என் வீட்டம்மா கேப்பாங்க, இதை எழுதுறது யாரோ பொம்பளையாத்தான் இருக்கும்னு. நான் இல்லம்பேன். ஆம்பளைக்கு எப்படி சார் இவ்வளவு தெரியுது?" வாய் திறந்துச்சு. அனுபவம்தான்னு சொல்ல வந்துச்சு, பழக்கத்துல தானா வந்துச்சு. சொல்லல. "சேகர், தலையைக் கழுவிவிடுப்பா"ன்னேன்.

குனிஞ்சு தொட்டியில தலையைக் கொடுத்தேன். கருப்புத் தண்ணி ஓடுது. சீனுக்கு யோசிச்சேன். செண்பகம் என்ன சொல்லுவா? நீங்க நல்லா இருந்தா போதும்னு சொல்லுவா. என் கையில இருக்குறவ அதைத்தான் சொல்லுவா, எப்பவும் அதைத்தான் சொல்லியிருக்கா. உப்பு டப்பாவைப் பத்திப் பேசினவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியல. நிசமாத் தெரியல. தெரிஞ்சுக்கணும் போல இருக்கு, சேகருக்கு இருக்குற மாதிரி. துண்டைத் தலையில சுத்திக்கிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு, வாசல் பக்கம் போயி கோமதிக்குப் போட்டேன்.

"முடிஞ்சுதா? காதுல கீதுல படலயே?"

"நேத்து சீனைக் கேட்டேன். கடையில ஓடுச்சு."

அடுப்புச் சத்தம் நின்னுச்சு. அணைச்சுட்டா போல. "எதுவரைக்கும்?"

"உச்சிமாகாளி வரைக்கும்."

கோபப்படலாமான்னு பாத்தேன். எங்க இருந்து ஆரம்பிச்சாலும் அது ரசம் ஊத்தின ராத்திரிக்குப் போயி நிக்குது. "ஏன் என்கிட்டச் சொல்லல?"ன்னு மட்டும் கேட்டேன்.

"சொன்னா நிப்பாட்டிருவீங்க."

"நான் அப்படியா?"

"நீங்க என்னத்துக்கு இப்ப மெதுவாப் பேசுதீங்க? பக்கத்துல யாரு இருக்கா?" அவ குரல்ல ஒரு உஷார். எத்தனையோ பேருக்கு நான் எழுதின அந்தக் குரலை அவ வாயில கேக்குறேன். என்னைச் சந்தேகப்படுறா. படட்டும்.

"யாரும் இல்ல. இன்பராஜ் கூப்பிட்டான். ரெண்டு மணிக்குள்ள சீன் வேணுமாம். புருசன் செண்பகம் கையைப் பிடிச்சு, நான் இப்ப என்ன செய்யணும்னு கேக்குறான். செண்பகம் என்ன சொல்லுவா?"

"நீங்கதானே சொல்லணும். நான் டைப் அடிக்கிறவ."

"எனக்கு வரல கோமதி. நீ சொல்லு."

வச்சுட்டாளோன்னு போனைப் பாத்தேன், வைக்கல. "பேரு யாரு பேரு வரும்?"ன்னா.

"ரெண்டு பேரு பேரும் போடச் சொல்லுதேன்."

"முதல்ல யாரு?"

இங்கதான் எனக்கு மாட்டுச்சு. தெருவுல ஒரு ஆட்டோ போச்சு, அது முனை திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேன். நாளைக்கு சங்கத்துல என்ன சொல்லுவான்? பொண்டாட்டி எழுத, பேச்சிமுத்து பேரு வாங்கினாம்பான். அப்படி ஒண்ணும் தப்பாச் சொல்லிர மாட்டான். "உன் பேரு"ன்னேன்.

"அதை இன்பராஜ் தம்பிகிட்டச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"சொன்னேன்னு வந்து சொல்லுவீங்க. என் காதால நான் கேக்கணும். என்னையும் லைன்ல வச்சுக்கிட்டு அவரைக் கூப்பிடுங்க. அப்புறம் செண்பகம் என்ன சொல்லுதான்னு சொல்லுதேன்."

எனக்கு அது தெரியாது, ரெண்டு பேரை ஒரே போன்ல சேக்குறது. சேகர்கிட்டக் கொண்டுபோய் நீட்டினேன். அவன் ஈரக் கையைத் துடைச்சுட்டு எதையோ அமுக்கிக் கொடுத்தான். மணி அடிக்குது. ஒரு பக்கம் கோமதி மூச்சு விடுறது கேக்குது. வைய ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்பான் இன்பராஜ், வையட்டும், கேட்டு நாளாச்சு. எடுத்துட்டான். "சார், சொல்லுங்க சார், சீன் ரெடியா?"

"நான் இல்லப்பா"ன்னேன். "ரைட்டர் லைன்ல இருக்காங்க. பேசு."